போர்வை மூடிய எண்

ஐயா, தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மலையாளத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிடுவாய். ஆனால் எனக்கு மலையாளத்தில் பஸ் போர்டு படிக்க வரும், ரேஷன் கடையில் கையெழுத்துப் போட வரும், மனசில் கிடப்பதை எழுத வராது. போனில் சொல்லலாம் என்று இந்த வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா, மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நீயும் ஒவ்வொரு தடவையும் நான் கேட்பதற்கு முன்னாலேயே உன் எண்ணின் சோதனை எத்தனை சதவீதம் ஆயிற்று என்று சொன்னாய். நேற்று எண்பத்தாறு. "அம்மாவுக்கு என் எண்ணு மேல என்ன இத்தன இஷ்டம்!" என்று சிரித்தாய். இஷ்டம் இல்லை ஐயா, பயம். அது நூறைத் தொடுவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கவேண்டும். மெதுவாகப் படி, ஆனால் இன்றைக்கே படித்து முடித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இடக்கொச்சிக்குப் போய்த் தீபாவையும் ஏற்றிக்கொண்டு நம் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தாய். உங்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை, பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பெயரை எழுத உட்கார்ந்தோம். அப்போதுதான் நீ அந்தச் செய்தியைச் சொன்னாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நம் முன்னறையில் நீ சோதித்துப் பார்த்து, பகா எண் இல்லை என்று விட்டுவிட்ட அந்தப் பெரிய எண்ணை, இப்போது எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் இரண்டாவது முறை சோதிக்க எடுத்திருக்கிறார் என்றாய். ஒரு ஆள் சோதித்ததை அப்படியே நம்ப மாட்டார்கள், வேறொரு ஆள் வேறொரு கம்ப்யூட்டரில் முதலிலிருந்து செய்து, இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால்தான் முடித்துவைப்பார்கள் என்று தீபாவுக்கு விளக்கினாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

தீபாவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை வந்திருப்பதும், இந்த மாதக் கடைசிக்குள் அவள் பதில் சொல்லவேண்டும் என்பதும், உன் கம்பெனிக்காரர்கள் அங்கிருந்தே நீ வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதும் எனக்கு அவள் வாயால்தான் தெரிந்தது. "எனக்குப் போகணும்னுதான் இருக்கு அம்மே. இவர் ஒண்ணும் வாயத் திறக்கல," என்றாள். நீ உடனே, "எண்ணே பறயட்டும். அபாஜ்யம்னு, பகா எண்ணுன்னு வந்தா போறோம். இல்லேன்னா இவிடதான், அம்மா அப்பா பக்கத்துல," என்றாய். அப்பா சிரித்தார். தீபா சிரிக்கவில்லை. நான் அடுக்களைக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் ஒன்றும் வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அதன்படியே செய்தும் விட்டாய்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஜாதிக்காயிலிருந்து தொடங்குகிறேன். உனக்கு ஆறு வயசு. நம் வீட்டுக்குக் கீழே மிளகாய், மசாலாச் சாமான் கோடவுனில் வேலை பார்க்கும் கபீரிக்கா உனக்கு விளையாடக் கொஞ்சம் ஜாதிக்காய் கொடுத்தார். பன்னிரண்டு. நீ அதை மூன்று மூன்றாக நான்கு வரிசை வைத்தாய், இரண்டிரண்டாக ஆறு வரிசை வைத்தாய், எப்படி வைத்தாலும் பாக்கி இல்லாமல் கட்டமாக வந்து நின்றது, ஒரே குஷி. மறுநாள் அப்பா லாரியிலிருந்து இறங்கும்போது சட்டைப் பையில் இன்னொன்று கிடந்தது என்று கொண்டுவந்து போட்டார். பதின்மூன்று. அவ்வளவுதான், எப்படி வரிசை வைத்தாலும் ஏதாவது பாக்கி. இரண்டாக வைத்தாலும் பாக்கி, மூன்றாக வைத்தாலும் பாக்கி, ஐந்தாக வைத்தால் மூன்று பாக்கி. நீ அழ ஆரம்பித்துவிட்டாய். உனக்குப் பள்ளிக்கூடத்தில் பிறகு அதை அபாஜ்ய சங்க்ய என்று சொல்லித்தந்தார்கள். எனக்குச் செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லித்தந்திருந்தார்கள். அதை உனக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் காலையில் நீ பல் தேய்க்கப் போன நேரம் ஒரு ஜாதிக்காயை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்றுதான். நீ வந்து எண்ணினாய், பன்னிரண்டு. சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீ கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மாடிப்படியில் என்று நாள் முழுக்க அந்தப் பதின்மூன்றாவதைத் தேடினாய். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். பார், என் சாமர்த்தியத்தை! அரிசிப் பானை பக்கம் மட்டும் உன்னை விடவில்லை. உனக்கு நான் செய்த முதல் தப்பு அது. இரண்டாவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ எர்ணாகுளத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த அந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து முன்னறை மேசையில் வைத்தாய். இரண்டை இரண்டால், மறுபடி இரண்டால் என்று ஏழு கோடித் தடவைக்கு மேல் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண் என்றாய். அதை எழுதினால் இரண்டு கோடிக்கும் மேல் இலக்கம், அச்சடித்தால் நம் பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் புத்தகம் என்றாய். அது வேறு எந்த எண்ணாலும் வகுபடாத எண்ணா, இல்லையா, இதுதான் கேள்வி. "அதைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று நான் கேட்டதற்கு நீ கோபப்படவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, முப்பத்தொன்றை எடுத்துக்கொண்டு என்னையே சோதிக்க வைத்தாய். நான்கில் தொடங்கவேண்டும். அதை அதாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்கவேண்டும், பதினான்கு. பதினான்கைப் பதினான்கால் பெருக்கி இரண்டைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. அதை முப்பத்தொன்றால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். மீதி எட்டு. நான் அவசரத்தில் ஒன்பது என்று எழுதிவிட்டேன். ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, இரண்டைக் கழித்து, வகுத்து, மீதி பதினேழு என்று நீட்டினேன். நீ சிரித்தாய். எட்டு என்று எழுதியிருந்தால் அறுபத்திரண்டு வந்திருக்கும், முப்பத்தொன்று இரண்டு தடவை, மீதி பூஜ்யம், பூஜ்யம் வந்தால் பகா எண். "கண்டோ அம்மா, ஒரே ஒரு எடத்துல நீ தப்புப் பண்ணின, நல்ல பகா எண்ணு கெட்ட எண்ணா ஆயிடுச்சு," என்றாய். உன் எண்ணுக்கு இதே வேலையை ஏழு கோடித் தடவைக்கு மேல் அந்த மெஷின் செய்யவேண்டும் என்றும், நடுவில் ஒரே தடவை தவறினாலும் கடைசி விடை குப்பை என்றும் சொன்னாய். அப்படித் தவறினால், பகா எண் இல்லாத ஒன்று பகா எண் போல வேஷம் போடுவது நடக்கவே நடக்காது, ஆனால் உண்மையான பகா எண் ஒன்று யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் என்றும் சொன்னாய். இதில் ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் உனக்கு இரண்டு கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிக்கு இடம், காக்கநாட்டில் வேலை. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, சோறு தின்றுகொண்டே சொன்னாய், "எண்ணு முடிவு பண்ணட்டும். பகா எண்ணுன்னா போறேன், இல்லேன்னா காக்கநாடு." நானும் சிரித்தேன். பிறகு கம்ப்யூட்டரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒரே பிள்ளை. அப்பா காலையில் லாரி எடுத்தால் வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னருக்குக் காத்துக்கிடந்துவிட்டு எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. நீயும் போய்விட்டால் இந்த மாடியில் நானும் மிளகாய் நெடியும்தான். சோதனையின் கடைசி நாட்களில் நீ கூடப் படித்த கூட்டுக்காரன் கல்யாணத்துக்குப் பாலக்காடு போனாய். போகும்போது என்னிடம், "கரண்டு போனாப் பரவாயில்ல அம்மா, விட்ட எடத்துலேருந்து அதுவே தொடங்கும். சூடு மட்டும் ஆகக்கூடாது, கேட்டோ. சூடானா கணக்குல தப்பு வரும். ஃபேன் ஓடட்டும், மேல ஒண்ணும் மூடாதே," என்று இரண்டு தடவை சொன்னாய். ஏன் மூடாதே என்று தனியாகச் சொன்னாய் என்று வேறு யாருக்கும் புரியாது, நம் வீட்டில் பிறந்தவனுக்குத்தான் புரியும்.

நீ போன மூன்றாம் நாள் காலையில் கபீரிக்கா வழக்கம்போலக் கீழே இருந்து குரல் கொடுத்தார்: "சேச்சியே, மொளகு பொட்டிக்கான் போணு! எல்லாம் மூடிக்கோ!" வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரிக்கப் போகிறார்கள். அந்தக் குரல் கேட்டால் என் கை தானாக ஓடும், உனக்கே தெரியும். தண்ணீர்க் குடம், சோற்றுப் பானை, டிவி, கட்டில், சாமி படம், எல்லாவற்றின்மேலும் துணி விழுந்துவிடும். கல்யாணமாகி வந்த முதல் வாரம் மூடத் தெரியாமல் ஒரு பானை சோற்றைக் கொட்டினேன், அன்றிலிருந்து பழக்கம். உன் கம்ப்யூட்டர்மேலும் உன் பழைய கட்டம்போட்ட போர்வையை இரண்டாக மடித்துப் போட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது பழக்கத்தில் செய்தது. அதுவரைக்கும் என்மேல் குற்றம் இல்லை.

மத்தியானம் மற்ற துணிகளையெல்லாம் எடுத்து உதறினேன். கம்ப்யூட்டர் பக்கம் வந்தபோதுதான் உறைத்தது. ஐயோ என்று ஓடிப்போய்க் கை வைத்தேன். இட்லிக் கொப்பரை மூடியைத் தொட்டதுபோல இருந்தது. உள்ளே ஃபேன் ஓலமிட்டுக்கொண்டிருந்தது. போர்வையின் நுனியைப் பிடித்துவிட்டேன், இழுத்தால் போதும். இழுக்கவில்லை. நின்றேன். மேசையில் அந்த இரண்டு கடிதமும் இருந்தது. நுனியை விட்டுவிட்டுப் போய் அரிசி களைந்தேன். அன்றைக்கு எடுக்கவில்லை, மறுநாள் எடுக்கவில்லை, அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. நீ போன் செய்து "மெஷின் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "அதுக்கென்ன, ராஜா மாதிரி ஓடுது," என்றேன். நீ வருகிற அன்று காலையில் எடுத்து, மடித்து, பீரோவில் வைத்தேன். இது அறியாமல் செய்தது இல்லை. நீ என்னை விட்டுப் போகக்கூடாது என்று தெரிந்தே செய்தது. எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான்கு நாள் கழித்து விடை வந்தது, பகா எண் இல்லை என்று. நீ "போட்டே!" என்று, போகட்டும் என்கிற மாதிரி சொல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாய். அவ்வளவுதான். அன்றைக்கே காக்கநாட்டுக்காரர்களுக்குச் சம்மதம் என்று எழுதிவிட்டாய். நான் சேமியாப் பாயசம் வைத்தேன். "எதுக்கும்மா பாயசம்?" என்று கேட்டாய். வேலை கிடைத்ததற்கு என்றேன். இரண்டு டம்ளர் குடித்தாய். அந்தப் பாயசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஆனால் ஐயா, ஒன்பது வருஷமாக என்னை அரிப்பது இது மட்டும் இல்லை. நீ பாலக்காட்டிலிருந்து வந்த அன்று, படியேறும்போதே மூன்று தும்மல் தும்மினாய். மிளகாய் பிரித்திருக்கிறார்கள் என்று உனக்கு அதிலேயே தெரிந்திருக்கும். ஜன்னல் கட்டையில் சிவப்புத் தூசி அப்படியே படிந்திருந்தது. நீ பையைக்கூட இறக்கவில்லை, நேரே கம்ப்யூட்டரிடம் போய் அதன் தலையில் ஒரு விரலை வைத்து இழுத்தாய். விரலைத் திருப்பிப் பார்த்தாய். ஒரு பொட்டுத் தூசி இல்லை. மூடாத எதிலும் சிவப்பு ஏறாமல் இருக்காது என்று நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "அம்மா, சாயா உண்டா?" என்று கேட்டாய். ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவன், அன்றைக்கு வேறு ஒன்றுமே கேட்கவில்லை. நான் தூசியைத் துடைத்துவிட்டேன் என்று நினைத்தாயா? இல்லை, தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தாயா? தெரிந்திருந்தால் நீ மறுபடி முதலிலிருந்து ஓட்டியிருக்கலாமே, ஏன் ஓட்டவில்லை? அம்மாவுக்கு இவ்வளவு பயம் என்றால் இருந்துவிடுவோம் என்று இருந்துவிட்டாயா? இதைக் கேட்க எனக்கு ஒன்பது வருஷம் வாய் வரவில்லை. நீ தெரியாமல் ஏமாந்திருந்தால் நான் திருடி. தெரிந்தே தங்கியிருந்தால் நான் அதைவிட மோசம், ஏனென்றால் நீ விட்டுக்கொடுத்ததை நான் ஒன்பது வருஷமும் உன் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய், மீன் குழம்பு வைப்பேன், என் பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான் என்று கீழே கபீரிக்காவிடம் பெருமை வேறு அடிப்பேன்.

இப்போது அந்த இரண்டாவது ஆள் யாரோ, எந்த ஊரோ, அவர் வீட்டில் மிளகாய் மூட்டை இருக்காது. அவருக்குக் கடைசியில் வருகிற மீதியும் உனக்கு வந்ததும் ஒன்றாக இருந்தால், என் போர்வை ஒன்றும் செய்யவில்லை என்று ஆகும். அப்போது எண் பகா எண் இல்லை, நீ சொன்ன வாக்குப்படி தீபாவைக் கூட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவாய், நான் மறுபடியும் ஜெயித்துவிடுவேன். பூஜ்யம் வந்தால், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நம் முன்னறையில் உனக்குக் கிடைத்திருக்க வேண்டியதை நான் மூடி வைத்தேன் என்று ஆகும், அதைக் கண்டுபிடித்தவர் என்று வேறு யாருடைய பெயரோ எழுதப்படும். பூஜ்யமும் இல்லாமல், உன் விடையோடும் ஒட்டாமல் வேறு ஏதாவது வந்தால், மூன்றாவது ஒரு ஆள் வேண்டும், அதுவரைக்கும் நீ தீபாவைக் காக்க வைப்பாய். எது வந்தாலும் எனக்குப் பயம்தான். உட்கார்ந்தால் பயம், நின்றால் பயம். காலையில் காப்பித் தூளுக்குப் பதில் மஞ்சள்தூளைப் போட்டேன், அப்பா என்ன ஆச்சு உனக்கு என்று திட்டினார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா சொல்கிற புத்திமதி என்று வைத்துக்கொள், இல்லை குற்றவாளியின் கெஞ்சல் என்று வைத்துக்கொள். எண்ணைக் கேட்டு முடிவு செய்யாதே. அது பகா எண்ணாக இருந்தால் இந்த உலகம் தோன்றுவதற்கு முன்னாலும் பகா எண்தான், இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. உன் கல்யாணத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நீ ஏன் அதன்மேல் பாரத்தைப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும், போகிறேன் என்று உன் வாயால் என்னிடம் சொல்ல உனக்கு முடியவில்லை. அதற்கு நான்தான் காரணம். அந்தப் பெண் உன்னிடம் வாய் திறந்து ஆசையைச் சொன்னாள், நீ அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு, எண் சொல்லட்டும் என்கிறாய். அந்த வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் ஐயா. செய்தவளுக்கும் நல்லது இல்லை.

நீ போனால் நான் பயப்படுவேன். பயப்பட மாட்டேன் என்று பொய் சொல்லப் போவதில்லை, இந்தக் கடிதத்தில் இனிப் பொய் இல்லை. தினமும் அங்கே என்ன மணி என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விமானம் ஏறும் அன்றைக்கு நச்சரித்து அப்பாவின் உயிரை வாங்கிவிடுவேன். அது என் பாடு. உன்னை இங்கே வைத்துக்கொண்டே ஒன்பது வருஷம் பயந்தவள்தானே, அங்கே அனுப்பிவிட்டுப் பயந்தால் என்ன. அந்தக் கட்டம்போட்ட போர்வையை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். வீட்டில் வைத்தால் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அப்பா வல்லார்பாடத்தில் லோடை இறக்கிவிட்டு, நேரே காக்கநாடு வந்து இதை உன் கையில் தருவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். திரும்பி வரும்போது சேமியா வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். நீ இதைப் படித்துவிட்டு முதலில் தீபாவிடம் போ. அவளிடம் போகலாம் என்று சொல்லிவிட்டு, பிறகு என்னைக் கூப்பிடு. எண் என்ன ஆயிற்று என்று சொல்லாதே, நானும் கேட்க மாட்டேன். அன்றைக்கு விரலில் தூசி இல்லாததை நீ கவனித்தாயா என்று மட்டும் சொல், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல். அதைக் கேட்ட பிறகுதான் பாயசத்துக்குப் பால் வைப்பேன்.

அம்மா